திரையில் பிஎச் 6.0, கைமீட்டரில் 4.4: எதை நம்புவது?

பச்சைப்பெட்டி:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக இதே கவலைதான், யாராவது வழி சொல்லுங்கள்.

அலமாரி ஒன்றுக்குள் எல்இடி விளக்கு, 20 லிட்டர் ஊட்டச்சத்துக் கரைசல் தொட்டி, காற்றுப் பம்பு எல்லாம் வைத்து லெட்யூஸ் வளர்க்கிறேன். எம்ஐடி மீடியா லேபின் ஓபன்ஆக் திட்டம் வெளியிட்ட ஃபுட் கம்ப்யூட்டர் (கணினி கட்டுப்படுத்தும் செடி வளர்ப்புப் பெட்டி) வரைபடங்களைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. ஆனால் சென்சார்கள் நானே தேர்ந்தெடுத்தவை. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில், சென்சாரைப் படித்துப் பம்பை இயக்கும் மைகோடோ மென்பொருள் ஓடுகிறது. பிஎச் (அமில-கார அளவு) போர்டு, இசி (கரைசலின் மின்கடத்துத்திறன்) போர்டு இரண்டும் அனலாக் வகை, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சில்லு வழியாகப் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே 5 வோல்ட் அடாப்டர். பிஎச் ஏறினால் அமிலம் சேர்க்க ஒரு சின்ன டோசிங் பம்பு உண்டு.

திரையில் பிஎச் 6.0 என்று கோடு கிழித்ததுபோல் நிற்கிறது. ஆனால் செடிகள் வாடுகின்றன, வேர் பழுப்பாகிவிட்டது. சந்தேகப்பட்டுக் கைமீட்டரை விட்டுப் பார்த்தால் 4.4! பிஎச் 4, 7 பஃபர்களில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்களில்) புரோபை, அதாவது தண்ணீரில் முக்கும் சென்சார் முனையை, மீண்டும் கேலிபிரேட் செய்தேன். இரண்டிலும் சரியாகக் காட்டுகிறது. தொட்டிக்குள் இறக்கியதும் மறுபடி தப்பு. புது புரோப் மாற்றியும் அதே கதை.

வேர்நுனி:
காரணத்தைப் பிறகு தேடலாம், முதலில் செடியைக் காப்பாற்றுங்கள். டோசிங் பம்பின் மின் இணைப்பை இப்போதே பிடுங்கிவிடுங்கள். கரைசலுக்குள் காரத்தை ஊற்றி 4.4-ஐ மேலே இழுக்கப் பார்க்க வேண்டாம். முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து, கைமீட்டரை வைத்தே 5.8 பக்கம் கொண்டுவாருங்கள். லெட்யூஸுக்கு 5.5 முதல் 6.5 வரை போதும். வேர் வழவழப்பாக, நாற்றத்துடன் இருக்கிறதா? அப்படியானால் அழுகல் நோய், அது வேறு வைத்தியம். வெறும் பழுப்பு நிறம்தான் என்றால் அமிலத்தில் பட்ட அடியாக இருக்கலாம், புது வேர் விட வாய்ப்புண்டு.

அலைவரிசை:
சிக்னலில் இரைச்சல் இருக்கும் நண்பரே. 50 அளவீடு எடுத்துச் சராசரி போட்டுப் பாருங்கள்.

மின்கம்பி:
சராசரி இங்கே உதவாது. இரைச்சல் என்றால் எண் மேலும் கீழும் குதிக்கும். இவருக்கு எண் அசையாமல் நிற்கிறது, ஆனால் தப்பான இடத்தில் நிற்கிறது. பத்தாயிரம் முறை சராசரி எடுத்தாலும் அதே 6.0-தான் வரும்.

பச்சைப்பெட்டி, ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது இசி புரோபை மட்டும் தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள். பிஎச் எண் என்ன ஆகிறது?

பச்சைப்பெட்டி:
அண்ணா, கரைசலை மாற்றிவிட்டேன். வேரில் நாற்றம் இல்லை.

சோதனையும் செய்தேன். புதுக் கரைசல் கைமீட்டரில் 5.8, திரையில் 7.4. இசி புரோபைத் தூக்கியதும் திரை 5.8-க்கு இறங்கியது! மறுபடி முக்கினால் 7.4. எப்படி இது?

மின்கம்பி:
நினைத்ததுதான். உங்கள் இரண்டு புரோபும் நல்லவை. தண்ணீர் வழியாக ஒன்றின் மின்சாரம் இன்னொன்றுக்குள் போகிறது.

பிஎச் புரோபின் கண்ணாடிக் குமிழ் தருவது மிகச் சிறிய மின்னழுத்தம். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். உங்களுக்குத் தப்பு 1.6 அலகு, அதாவது சுமார் 95 மில்லிவோல்ட். இசி புரோப் வேலை செய்யும் விதம் வேறு: தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டு, எவ்வளவு பாய்கிறது என்று அளக்கிறது. இரண்டு போர்டுக்கும் ஒரே அடாப்டர், ஒரே கிரவுண்ட். ஆகவே இசி விடும் மின்சாரத்தில் ஒரு பங்கு, பிஎச் புரோபின் ரெஃபரன்ஸ் (ஒப்பீட்டு) மின்முனை வழியாகக் கிரவுண்டுக்குத் திரும்புகிறது. அதுதான் எண்ணை நகர்த்துகிறது. பஃபர் குடுவையில் பிஎச் புரோப் மட்டும் தனியாக இருந்ததால் அங்கே இந்தப் பாதையே இல்லை. அதனால்தான் கேலிபிரேஷன் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்தது.

தீர்வு ஐசொலேஷன், அதாவது இரண்டு போர்டுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரிப்பது. பிஎச் போர்டுக்குத் தனி ஏடிஎஸ்1115 கொடுங்கள். அந்த இரண்டுக்கும் ஐசொலேட்டட் டிசி-டிசி மாட்யூல் வழியாக மின்சாரம், தரவு செல்லும் ஐ2சி கம்பிகளுக்கு ஏடியுஎம்1250 போன்ற ஐசொலேட்டர். அது கைவசம் இல்லையென்றால், பிஎச் படிக்கும் நேரத்தில் இசி போர்டை ரிலே வைத்துத் துண்டியுங்கள். பிளஸ் கம்பியை மட்டும் வெட்டினால் போதாது. கிரவுண்டு, சிக்னல் இரண்டும் சேர்ந்து அற வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பம்பு எதையாவது போட்டு அணைத்தால் எண் மாறுகிறதா? மாறினால் அதன் காப்பு பழுதாகி மின்சாரம் தண்ணீருக்குள் கசியலாம். பிளக்கைப் பிடுங்காமல் தொட்டிக்குள் கை வைக்காதீர்கள்.

நிரல்காரி:
வயரிங்கை அண்ணன் சொல்லிவிட்டார், என் பங்குக்கு நிரல் பக்கம். சென்சார் தப்பியது ஒரு பாதி. தப்பான எண்ணை நம்பி நாள் முழுக்க அமிலம் ஊற்ற பம்புக்கு யார் அனுமதி கொடுத்தது? அதுதான் செடியைச் சாய்த்த மறுபாதி.

மைகோடோவானாலும் சொந்த பைத்தான் நிரலானாலும் மூன்று காவல் போடுங்கள். ஒரு முறை ஊற்றினால் 15 நிமிடம் கலக்க விட்டுத்தான் அடுத்த அளவீடு. ஒரு நாளைக்கு இவ்வளவு மில்லிதான் என்று உச்சவரம்பு, தாண்டினால் பம்பு நின்று எச்சரிக்கை வர வேண்டும். கடைசியாக, இரண்டு முறை ஊற்றியும் பிஎச் நகரவில்லை என்றால் சென்சாரைச் சந்தேகி, நிறுத்து. மூன்றாவதை நான் ஒரு பயிரை முழுசாக இழந்த பிறகுதான் எழுதினேன். பிஎச் மடக்கை அளவுகோல் என்பதையும் மறக்க வேண்டாம்: ஓர் அலகு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு. அதனால் சின்னச் சின்ன அளவாகத்தான் ஊற்ற வேண்டும்.

பச்சைப்பெட்டி:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஐசொலேட்டர் வந்து மாட்டிவிட்டேன். இப்போது இரண்டு புரோபும் ஒன்றாகத் தண்ணீரில் இருக்க, திரைக்கும் கைமீட்டருக்கும் வித்தியாசம் 0.1-க்குள். பம்பைப் போட்டு அணைத்தும் பார்த்தேன், எண் அசையவில்லை. உச்சவரம்பு 6 மில்லி வைத்தேன். இதுவரை ஒரு நாளும் 2 மில்லியைத் தாண்டவில்லை. எட்டுச் செடிகளில் ஐந்தில் வெள்ளையாகப் புது வேர் வந்திருக்கிறது. மூன்றை எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

ஓபன்ஆக் திட்டம் 2020-ல் மூடப்பட்டது. வரைபடமும் நிரலும் இன்னும் கிடைக்கின்றன, ஆனால் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. அதனால் வயரிங் படத்தையும் நிரலையும் திறந்த உரிமத்தில் போடுகிறேன். எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: கழற்றிய பழைய புரோப் நன்றாகத்தான் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்கலாமா?

மின்கம்பி:
வேண்டாம், அந்த நீர் உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சிவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலை மூடியில் ஊற்றி அதில் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் பிஎச் 4 பஃபர் தற்காலிகமாகத் தாங்கும்.