சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை, வழி சொல்லுங்கள்

ஃபார்முலா பாரத் போட்டிக்காக எங்கள் கல்லூரி அணி செய்த கார், ஓட்டி நிறுத்தினால் மறுபடி கிளம்ப மாட்டேன் என்கிறது. ஜனவரியில் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் போட்டி. 22 கிலோமீட்டர் என்டூரன்ஸில் (நீண்ட தூர ஓட்டம்) பாதியில் ஓட்டுநர் மாறும்போது எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். அங்கே கிளம்பாவிட்டால் ஒரு வருட உழைப்பு அம்போ.

373 சிசி ஒற்றை சிலிண்டர் பைக் எஞ்சின், விதிப்படி 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் குறுகல்), நாங்களே டியூன் செய்த ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி). காலையில் தொட்டவுடன் கிளம்பும். பத்து சுற்று ஓட்டி, கூலன்ட் 95 டிகிரியில் இருக்கும்போது அணைத்து, மூன்று நிமிடம் கழித்து அழுத்தினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினால் நனைந்து, பெட்ரோல் வாடை. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது!

பிளக், பேட்டரி, ஃப்யூவல் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. ஓடும்போது பெட்ரோல் அழுத்தம் 3 பார், சரி. ஸ்பார்க் வருகிறது, ஆனால் அதை ஆறிய பிறகுதான் பார்த்தோம் (நடுராத்திரி வேலையின் லட்சணம்). இரண்டு வாரமாக இதே கதை.

முதலில் ஈசியூவின் மேப்பில் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) ஹாட் ஸ்டார்ட்டுக்கான பெட்ரோலைக் குறைப்பதா, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கசிகிறதா என்று பார்ப்பதா?