புதுப்பிப்பு: அறைத்தோழன் லேப்டாப் விவகாரம்

போன மாதம் புலம்பியிருந்தேன்: ஞாயிறானால் லினக்ஸ் குழு நண்பர்களோடே கிடக்கிறேன் என்று விடுதி நண்பர்களுக்குக் கோபம். சமாதானத்துக்கு அறைத்தோழன் லேப்டாப்பில் டெபியன் (விண்டோஸ் போன்ற இயங்குதளமான லினக்ஸில் ஒரு வகை) போட்டுக் கொடுத்தேன். வைஃபை செத்தது, பேச்சும் நின்றது.

சரி, இப்போதைய நிலவரம். தப்பு என்னுடையதுதான். பழைய பென்டிரைவில் இருந்தது டெபியன் 11; அவன் வைஃபை சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (சிப்பை இயங்க வைக்கும் குட்டி மென்பொருள்) அதில் இல்லை. 2023-இல் வந்த 12 முதல்தான் அதெல்லாம் இன்ஸ்டாலரோடே வருகிறது.

அவனைக் கெஞ்சி லினக்ஸ் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். ஓர் அக்கா தன் போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, டெதரிங் போட்டு (அதாவது போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்து), ஐந்தே நிமிடத்தில் ஃபர்ம்வேரை இறக்கிவிட்டார். (எனக்குத் திட்டு தனி.) அப்புறம் டீக்கடையில் எல்லோருக்கும் அவன்தான் பஜ்ஜி வாங்கினான். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வானாம். நான் வாயே திறக்கவில்லை.