தெரு ஓவியமும் தெருவித்தையும் பார்க்கவென்றே உலகம் சுற்றுவது ரசனையா, வீண்வேலையா?

சுவர்க்கோழி:
அடுத்த வருடம் நீண்ட விடுப்பு கிடைக்கப்போகிறது. இந்த முறை அருங்காட்சியகம், கோட்டை, அரண்மனை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பெர்லின், மெல்பர்ன், கொலம்பியாவின் மெடெயின், மொராக்கோவின் மராகேஷ், லண்டன் என்று சுவரோவியமும் தெருவில் வித்தை காட்டுகிறவர்களும் உள்ள ஊர்களாகப் பார்த்துப் போவதாகத் திட்டம். சொன்னால் சிரிக்கிறார்கள், சுவரைப் பார்க்கவா விமானம் ஏறுவாய் என்று. என் வாதம் எளிது. மோனாலிசா இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருப்பாள், அவசரமில்லை. தெருவில் இருப்பது அப்படியில்லை. மெல்பர்னில், முகம் காட்டாத பிரபல தெரு ஓவியர் பேங்க்ஸி வரைந்த பாராசூட் எலியை 2010-இல் மாநகராட்சித் துப்புரவு ஆட்களே என்ன ஏதென்று தெரியாமல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் போனவன் பார்த்தான், அவ்வளவுதான். எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள், சண்டைக்குத் தயார்.

கறுப்புமை:
சண்டை என்றீர்கள், வந்துவிட்டேன்.

அழிவதற்குள் பார்க்கணும் என்கிறீர்கள். பெர்லினில் நீங்கள் பார்க்கப்போவது என்ன? ஈஸ்ட் சைடு கேலரி. இடித்தது போக மிஞ்சிய பெர்லின் சுவரில் 1.3 கிலோமீட்டர், 1990-இல் 21 நாடுகளைச் சேர்ந்த 118 பேர் வரைந்தது. அந்தப் படங்கள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்துபோக, 2009-இல் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே ஓவியர்களைக் கூப்பிட்டு மறுபடி வரையச் சொன்னார்கள். சிலர் முடியாது என்றுவிட்டார்கள். சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கரும் முத்தமிடுகிற அந்தப் படம்கூட டிமித்ரி விரூபெல் இரண்டாம் தடவை வரைந்ததுதான். பயணிகள் பார்ப்பதற்கென்று புதுப்பித்த சுவர் அது.

அதைக்கூட விடுங்கள். உங்களை மாதிரி ரசிகர்கள் வருவார்கள் என்று தெரிந்துதான் மனை வியாபாரிகள் சுவரைத் திறந்துவிடுகிறார்கள். மயாமியில் வின்வுட் வால்ஸை 2009-இல் தொடங்கிய டோனி கோல்ட்மன் ஓவியர் இல்லை, ரியல் எஸ்டேட்காரர். பழைய கிடங்குச் சுவர்களில் உலகப் புகழ் பெற்றவர்களை வரையவைத்தார், கூட்டம் வந்தது, நில மதிப்பு எகிறியது, இன்று உள்ளே போக டிக்கெட் வாங்கணும். இதைப் புரிந்துகொண்ட ஓவியரும் இருக்கிறார். இத்தாலியின் ப்ளூ. பெர்லின் க்ராய்ட்ஸ்பெர்கில் அவருடைய இரண்டு பெரிய படங்களுக்கு முன்னால் இருந்த காலி மனையில் கட்டிடம் வரப்போகிறது என்றதும், 2014 டிசம்பரில் அவர் சம்மதத்தோடே இரண்டுக்கும் கறுப்பு அடித்தார்கள். 2016-இல் பொலோன்யாவில் தெருச் சுவர்களிலிருந்து படங்களைப் பெயர்த்து கண்காட்சியில் வைக்கப்போனார்கள். அவர் அந்த ஊரில் தான் வரைந்த எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தால் மூடிவிட்டார். வரைந்தவனே அழித்துவிடலாம் என்று நினைக்கிற அளவுக்கு அதன் விலையை ஏற்றிவிட்டது யார்? பார்க்க வந்தவர்கள்தான்.

சுவர்க்கோழி:
நில வியாபாரி செய்ததற்கு என் தலையில் ஏன் பழி?

நியூயார்க்கில் சுவரெல்லாம் ஓவியமாக இருந்த ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டிடத்தின் கதையை எடுங்கள். உரிமையாளர் 2013 நவம்பரில் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்து அத்தனை படத்தையும் அழித்தார். ஓவியர்கள் வழக்குப் போட்டு, 2018-இல் 21 பேருக்கு 67 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அவர்கள் வழக்குப் போட்டது ஓவியரின் உரிமையைக் காக்கும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ்; அதன்படி, அழிக்கப்பட்ட படைப்புக்கு மதிப்பும் அங்கீகாரமும் இருந்தது என்று காட்டவேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்பு தினமும் ஆயிரக்கணக்கானவர் அந்த இடத்துக்கு வந்ததை எடுத்துச் சொல்கிறது. யாரும் போகாமல் இருந்திருந்தால் அது வெறும் கிறுக்கல் என்று தள்ளியிருப்பார்கள். போனவர்களும் ஒருவகையில் சாட்சிதான்.

சும்மாவந்தவன்:
கூகுள் 2014-இலேயே தெரு ஓவியங்களைச் சேகரித்து இணையத்தில் வைத்துவிட்டது. அழிந்துபோன சுவர்கூட அதில் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் பாருங்கள், விமானச் செலவு மிச்சம்.

மேளக்காரி:
இரண்டு பேரும் ஓவியத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தலைப்பில் தெருவித்தையும் இருக்கிறது, அதைத் தொட ஆளில்லை. இரண்டும் ஒன்றில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. சுவருக்கு நீங்கள் தேவையில்லை. ராத்திரி யாருமே இல்லாத போதும் படம் படமாகவே இருக்கும், சும்மாவந்தவன் சொல்கிறபடி திரையிலும் பாதியாவது தெரியும். தெருக்காரனுக்கு அப்படியில்லை, கூட்டம் நிற்காவிட்டால் அங்கே நிகழ்ச்சியே கிடையாது.

நான் சில வருடம் ஒரு குழுவோடு சுற்றியவள், அதனால் சொல்கிறேன். தொப்பி நீட்டிக் காசு வாங்குகிற தெருக் காட்சியில் பாதி வேலை கூட்டம் சேர்ப்பது. தரையில் கயிறு போட்டு வட்டம் காட்டுவோம், முன்வரிசையில் குழந்தைகளை உட்காரவைப்போம், போகிறவனை வம்புக்கு இழுத்து நிறுத்துவோம். வட்டம் இறுகிவிட்டால் பின்னால் வருகிறவன் தானாக எட்டிப் பார்ப்பான். பெரிய வித்தையைக் கடைசிக்கு வைத்திருப்போம், தீப்பந்தமோ உயரமான ஒற்றைச் சக்கர சைக்கிளோ. அதற்குச் சற்று முன்னால் நிறுத்தித்தான் காசு பேச்சு. ஏன் என்றால் வித்தை முடிந்த அடுத்த நொடி கூட்டம் உதிர்ந்துவிடும். தூரத்தில் நின்று செல்பேசியில் முழுக்கப் படம் பிடித்துவிட்டு, தொப்பி சுற்றிவரும்போது நழுவுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கறுப்புமைக்கும் ஒரு குண்டு எடுத்துத் தருகிறேன். மராகேஷின் ஜமா எல்ஃப்னா சதுக்கத்தை யுனெஸ்கோ 2001-இல் வாய்மொழி மரபின் தலைசிறந்த இடங்களில் ஒன்றாக அறிவித்தது. அங்கே ஹல்கா என்று வட்டமாகக் கூட்டம் கூட்டிக் கதை சொல்வார்கள், மொராக்கோ அரபியில். வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு வார்த்தை புரியாது, அதனால் நிற்க மாட்டான். பாம்பு, குரங்கு, மருதாணி எல்லாவற்றுக்கும் மொழி வேண்டாம், காசு அங்கே போகிறது. கதைசொல்லிகள் குறைந்துகொண்டே வந்ததற்கு தொலைக்காட்சி உள்படப் பல காரணம் உண்டு. ஆனால் கேட்கத் தெரியாத கூட்டம் நிறைந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. அசையாமல் நிற்கிற வெள்ளிப் பூச்சு மனிதனும் பந்து எறிகிறவனும் எந்த ஊரிலும் பிழைப்பான். பேச்சை நம்பியிருப்பவன்தான் முதலில் காணாமல் போவான்.

கறுப்புமை:
நான் சொன்னதையேதான் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள் அக்கா. பயணி வந்தால் கலை அவனுக்கு ஏற்ற மாதிரி வளைந்துவிடும்.

சுவர்க்கோழி:
வளையட்டுமே! உள்ளூர்க்காரர் நிற்கிறாரா என்றும் கேளுங்கள். 2007-இல் உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், யாரென்று சொல்லாமல் வாஷிங்டன் மெட்ரோ நிலையத்தில் தொப்பி போட்டுக்கொண்டு 43 நிமிடம் வயலின் வாசித்தார். 1,097 பேர் கடந்து போனார்கள், நின்று கேட்டது ஏழு பேர், அடையாளம் கண்டு காசு போட்ட ஒருவரைத் தவிர்த்தால் வசூல் 32 டாலர் சொச்சம். வேலைக்கு ஓடுகிறவனுக்கு நேரம் இல்லை. வெளியூர்க்காரனுக்குத்தான் நேரமும் நிற்கிற மனசும் இருக்கிறது.

மூன்றாம்மாடி:
அது காலை எட்டு மணி வாக்கில், ஆபீஸ் போகிற அவசரத்தில் நடந்தது. இறங்கிப் போகிறவனிடம் கலை ரசனை பற்றிக் கேள்வி கேட்பது அநியாயம்.

உள்ளூர்க்காரன் ஏன் நிற்பதில்லை என்று நான் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் கட்டிடத்துக்குக் கீழேயே பாடகர்கள் நிற்கும் இடம் இருக்கிறது. பயணி பத்து நிமிடம் நின்று கைதட்டிவிட்டுப் போவார். அதே நாலு பாட்டு, அதே ஆம்ப்ளிஃபயர், ஆள் மட்டும் மாறும், நான் மாலைவரை கேட்கணும். லண்டன் லெஸ்டர் ஸ்கொயரில் இப்படித்தான் அங்கே அலுவலகம் வைத்திருந்த வானொலி நிறுவனம் ஒன்று மாநகராட்சி மேல் வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் இது தொல்லைதான் என்று தீர்ப்பு வந்தது. சத்தத்தை மட்டுமில்லாமல் திரும்பத் திரும்ப அதையே வாசிப்பதையும் சேர்த்தே நீதிபதி குறை சொன்னார். அடுத்த மாதமே அங்கே வாசிப்பதை நிறுத்திவைத்தார்கள். பாடகர்களுக்குப் பிழைப்பு போனது வருத்தம்தான். ஆனாலும் தீர்ப்பைப் படித்தபோது எனக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சுவர்க்கோழி:
அதற்கு வழி இருக்கிறதே. நியூயார்க் சுரங்க ரயிலில் 1985 முதல் தேர்வு வைத்து ஆள் எடுத்து, இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். பாரிஸ் மெட்ரோவிலும் தேர்வு உண்டு.

கறுப்புமை:
தேர்வுக் குழு உட்கார்ந்து பாஸ் போட்டு அனுப்பினால் அதற்குப் பெயர் தெருக்கலையா? அரங்கத்தின் கூரையைக் கழற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மலைப்பாதை:
மெடெயின் போய்வந்தவன் என்ற முறையில் ஒன்று. கோமுனா 13 மலைச்சரிவுக் குடியிருப்பு, ஒருகாலத்தில் ஆயுதக் குழுக்களின் பிடியில் இருந்தது. 2002-இல் ராணுவமும் போலீசும் அங்கே பெரிய நடவடிக்கைகள் எடுத்தன. அந்த மே மாதத் துப்பாக்கிச் சூட்டின் நடுவே, காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போக வழி விடச் சொல்லி மக்கள் வெள்ளைத் துணிகளை ஆட்டினார்கள். அங்கே ஒரு சுவரில் யானைகள் வெள்ளைக் கைக்குட்டை ஆட்டும். தனியாகப் போனால் "அட, யானை" என்று படம் எடுத்துவிட்டு நகர்ந்திருப்பேன். கூட வந்த வழிகாட்டி அதே தெருவில் வளர்ந்த பையன், அவன் சொன்ன பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. சும்மாவந்தவன் சொல்கிற இணையப் படத்தில் அவன் இருக்க மாட்டான். சம்பாதிப்பதும் அந்தத் தெருப் பிள்ளைகள்தான், படம் விளக்குகிறவனும் சரி, மின்படிக்கட்டு ஓரம் ஹிப்ஹாப் ஆடுகிறவனும் சரி.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிக்கட்டு 2011-இல் மலையேற முடியாத மக்களுக்காகப் போட்டது. நான் போன நாளில் அதில் பாதிக்கு மேல் எங்களை மாதிரி ஆட்கள். மளிகைப் பையோடு ஒரு அம்மா எங்கள் கூட்டம் கடக்கட்டும் என்று ஓரமாக நின்றார். மூன்றாம்மாடி சொல்கிற ஸ்பீக்கர் சத்தமும் அடிக்கு அடி உண்டு.

கறுப்புமை:
அந்த அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா, உங்கள் ரசனை எப்படி இருக்கிறது என்று?

மலைப்பாதை:
கேட்கவில்லை. வழிகாட்டியின் சித்தியாக இருந்தாலும் இருக்கலாம், அவர் பதில் நீங்கள் எதிர்பார்க்கிறதாகத்தான் இருக்கும் என்றில்லை.

மேளக்காரி:
சுவர்க்கோழி, போகாதே என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பட்டியலைப் பாதியாகக் குறைத்து ஒவ்வொன்றிலும் கூடுதல் நாள் இருங்கள். வித்தை பார்த்தால் கடைசிவரை நில்லுங்கள், படம் எடுப்பதற்கு முன் காசு போடுங்கள். குரங்கையும் பாம்பையும் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு காசும் போடாதீர்கள். மராகேஷ் போனால் அரபி தெரிந்த ஆளோடு போய், கதைசொல்லி யாராவது உட்கார்ந்திருந்தால் அந்த வட்டத்தில் உட்காருங்கள்.

சுவர்க்கோழி:
மராகேஷை விடுவதாக இல்லை, மொழி தெரிந்த ஆளைத் தேடுகிறேன். மெல்பர்னை வேண்டுமானால் தள்ளிவைக்கலாம், தூரமும் அதிகம். கறுப்புமை எதற்கும் மசிய மாட்டார் போல, விடுங்கள். அக்கா, ஆகஸ்டில் ஐரோப்பாவில் இருப்பேன், பிரான்சின் ஒரியாக் விழா சரிப்படுமா?

மேளக்காரி:
சரிப்படும். 1986-இலிருந்து நடக்கிறது, முழுக்கத் தெரு நாடகம்தான். அழைக்கப்பட்ட குழுக்கள் கொஞ்சம்தான், சிலவற்றுக்கு டிக்கெட் உண்டு. அழைப்பில்லாமல் தாங்களாக வந்து தொப்பி வைத்து ஆடுகிற குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதைப் பாருங்கள். பேச்சு பிரெஞ்சில் என்பதால் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். ஊர் சின்னது, தங்க இடம் கிடைக்காது, இப்போதே அறை போட்டுவிடுங்கள். சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புமை:
சில்லறை போதாது, நோட்டாகப் போடச் சொல்லுங்கள்.