ஒன்பதாம் வகுப்பு எழுதிய அரசியல் சட்டம்: மொழி விதியை டீச்சர் வெட்டலாமா?

கேள்வி: பனங்காட்டு டீச்சர் (கொழிஞ்சாம்பாறை பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், எல்லையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் எங்களிடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. அரசியல் சட்டப் பாடத்தை முகவுரை மனப்பாடத்தோடு முடிக்க மனசு வரவில்லை. ஒன்பதாம் வகுப்பின் இரண்டு டிவிஷனையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு பயிற்சி ஆரம்பித்தேன். தமிழ்ப் பிள்ளைகள் 36, மலையாளப் பிள்ளைகள் 6.

நான் சொன்ன கதை இதுதான். கரண்ட் போய் மாசக்கணக்காச்சு. திருவனந்தபுரம், சென்னை, டெல்லி, எங்கிருந்தும் உத்தரவு வருவதில்லை. ரூபாய் நோட்டை யாரும் வாங்குவதில்லை. வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்டில் ஆள் இல்லை. மூலத்தறைத் தடுப்பணையில் ஷட்டரைத் திறக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. மிச்சம் இருக்கிற நாம்தான் இனி நாடு, சட்டம் எழுதுங்க.

1947இல் அமைத்த வரைவுக் குழு மாதிரியே 7 பேரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அதில் 4 பேர் பெண் பிள்ளைகள். அன்றைக்கு அரசியல் நிர்ணய சபையில் பெண்கள் 15 பேர் இருந்தும் வரைவுக் குழுவில் ஒருவர்கூட இல்லை என்று சொன்னேன். அந்த 15 பேரில் அம்மு சுவாமிநாதன் நம் மாவட்டத்து ஆனக்கரைக்காரர் என்று சொன்னதும் நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் விதியை அவர்கள் எழுதிய விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு கேரளத்துக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்பது எங்கள் ஊரில் டீக்கடைப் பேச்சு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். முதலில் குடிக்க, அடுத்து மாட்டுக்கு, அப்புறம் நெல்லுக்கு, கடைசியில் தென்னைக்கு. வறட்சிக் காலத்தில் போர்வெல் வைத்திருப்பவர் தண்ணீரை விற்கக் கூடாது. வாய்க்காலின் கடைமடைக்காரர் கையெழுத்துப் போடாமல் ஷட்டரை மூடக் கூடாது. இந்தக் கடைசி விதியை எருத்தேம்பதியிலிருந்து வரும் ஒரு பையன் எழுதினான். வாய்க்கால் தண்ணீர் அவன் வீட்டு நிலம் வரைக்கும் வந்து சேர்வது அபூர்வம்.

மற்றதெல்லாம் தண்டனைதான். திருடினால் இது, பொய் சொன்னால் இது, வேலைக்கு வராவிட்டால் இது என்று பக்கம் பக்கமாக. உரிமை என்று ஒரு வரி இல்லை. இதைக்கூடச் சரி செய்துவிடலாம். என் கவலை வேறு.

மொழி விதி வந்தது. "ஆட்சி, பள்ளிக்கூடம், கோர்ட் எல்லாம் தமிழில் மட்டும்." ஓட்டு 36க்கு 6. கைதட்டல். மலையாள டிவிஷன் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அப்போ நான் பரீட்சை எதில எழுதுவேன் டீச்சர்?" என்று தமிழிலேயே கேட்டாள். அதற்குள் பெல் அடித்துவிட்டது.

இந்த 36 பேரும் கேரளத்தில் தமிழ் படிக்கும் உரிமையால் தமிழ் படிக்கிறவர்கள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு வினாத்தாள் தமிழில் வேண்டும், பஞ்சாயத்து நோட்டீஸ் தமிழில் வேண்டும் என்று வீட்டில் பேசுவதைக் கேட்கிறவர்கள். கையில் பெரும்பான்மை வந்த முதல் நாளே இப்படி எழுதுகிறார்கள். அந்த விதியை நான் வெட்டினால் அது என் சட்டமாகிவிடும். விட்டால் அந்த 6 பேரும் வகுப்பை விட்டு மனசளவில் வெளியே போய்விடுவார்கள். இன்னும் சில பீரியட் கையில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கோட்டைமைதானம் வக்கீல் (பாலக்காடு)

டீச்சர், வெட்டாதீங்க. போரில் தோற்ற ஜப்பானுடைய அரசியல் சட்டத்தின் வரைவை 1946 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத் தலைமையகம் ஒரு வாரம் போல எடுத்து எழுதியது. ஆண்–பெண் சமத்துவ விதியை எழுதிய பெயாத்தே சிரோட்டாவுக்கு அப்போது வயசு 22. நல்ல விதி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் "இது நாம் எழுதியதில்லை" என்ற பேச்சு அங்கே இன்றைக்கும் ஓயவில்லை. உங்கள் வகுப்பிலும் அதே பேச்சு வரும்.

வெட்டுவதற்குப் பதில் வரிசையை மாற்றுங்கள். நம் சபை 1946 டிசம்பர் 9 அன்று கூடியது. டிசம்பர் 13 அன்றே நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், 1947 ஜனவரி 22 அன்று அது நிறைவேறியது. வரைவுக் குழுவே அதற்குப் பிறகு, ஆகஸ்ட் 29 அன்றுதான். தென்னாப்பிரிக்காவிலும் முதலில் 34 கொள்கைகளை ஒத்துக்கொண்டு, அவற்றுக்கு முரணாக எதையும் எழுத முடியாது என்று கட்டிப்போட்டார்கள். 1996இல் அங்கே அரசியல் சட்ட நீதிமன்றம் முதல் வரைவைத் திருப்பியே அனுப்பியது. உங்கள் பிள்ளைகள் கொள்கையே இல்லாமல் நேராக விதிக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் தண்டனைப் பட்டியல் வந்தது. அரசியல் சட்டம் முதலில் கட்ட வேண்டியது ஆட்சியில் இருக்கிறவன் கையை. திருடனுக்குத் தனிச் சட்டம் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, சட்டத்தைத் திருத்த எத்தனை ஓட்டு வேண்டும் என்று எழுதினார்களா? இல்லையென்றால் அதை உடனே எழுத வையுங்கள். நம் 368ஆம் விதி வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் கேட்கிறது.

மொழிக்கு வருகிறேன். நம் சபையிலும் அதைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டு, 1949 செப்டம்பர் 14 அன்றுதான், இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் இடம் வைத்த முன்ஷி–அய்யங்கார் சமரசத்தில் முடித்தார்கள். அதற்குப் பத்து மாசம் முந்தியே, 1948 நவம்பர் 5 அன்று, மதராஸ் உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேச) நண்பர்களைப் பார்த்து, முழு இந்தியா வேண்டுமா இந்தி இந்தியா வேண்டுமா, அது உங்கள் கையில் இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சை வகுப்பில் வாசியுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை விளக்க வேண்டாம்.

பதில்: லயத்துப் பிள்ளை (மூணாறு)

டீச்சர், நானும் ஆசிரியைதான், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இதே மாதிரி ஒன்றை எங்கள் பள்ளியிலும் செய்திருக்கிறோம். இதைப் படித்துவிட்டுச் செய்யப் போகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நாடு நிலைகுலைந்த கதையை ஊர் பார்த்து எடுங்கள். எங்கள் பக்கம் வெள்ளம், மண்சரிவு என்று கதை ஆரம்பிக்கவே கூடாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் 70 பேர் போனார்கள். அந்தக் குடும்பங்களின் சொந்தபந்தம் எல்லா எஸ்டேட்டிலும் உண்டு. உங்கள் கரண்ட் போன கதை நல்ல தேர்வு. அதில் யார் வீட்டுச் சாவும் இல்லை.

எங்கள் பிள்ளைகள் எழுதிய முதல் விதி, "வேலை போனாலும் வீடு போகக் கூடாது." லயத்து வீடு கம்பெனி வீடு, ரிட்டையர் ஆனால் காலி பண்ண வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் முதலில் தோன்றும். உங்கள் பையன் கடைமடைக்கு எழுதினான் பாருங்கள், அதே மாதிரி. பிள்ளைகளுக்கு நியாயம் தெரியாமல் இல்லை. தான் அடிபட்ட இடத்தில் உடனே தெரிகிறது, மற்ற இடத்தில் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது.

நான் செய்தது இது. விதியை எழுதி முடித்த பிறகு, ஓட்டுக்கு முன்னால், சீட்டுக் குலுக்கிக் கொடுப்பேன். ஒருத்திக்குக் கைக்குழந்தையோடு நேற்று வந்து சேர்ந்தவள். ஒருவனுக்குக் கண் தெரியாத தாத்தா. ஒருவனுக்கு அரிசி மில் முதலாளி. எந்தச் சீட்டு வரும் என்று தெரியாமல் எழுதியதை, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை வாசிக்கச் சொல்வேன். நாலைந்து நாற்காலியைக் காலியாகவும் போடுங்கள், அன்றைக்கு வர முடியாதவர்களுக்கு. உங்கள் தாலுக்காவில் இரவாளர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றனவே, அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களா? பேசினார்களா?

பதில்: நகரி வாத்தியார் (ஆந்திரா, ஓய்வு)

அம்மா, நாங்களும் எல்லைக்காரர்கள்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மதராஸுக்குப் போனது, நகரி ஆந்திராவில் நின்றது. சம்பந்தம் வைத்த வீடுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒரே ஊரில் ஒரு தெரு தமிழ், ஒரு தெரு தெலுங்கு. மொழி விதி எழுதும்போது பிள்ளைகளிடம் சட்டம் என்று பேசாதீர்கள். "உன் அத்தை மகள் இந்த ஸ்கூலில் சேர வந்தால் என்ன பண்ணுவாய்" என்று கேளுங்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் ஒரு பதில் இருக்கும்.

தண்டனைப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். அதை ஆளுகிறவன் பக்கம் திருப்பி வையுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. 30 குடும்பு (வட்டாரம்), ஒவ்வொன்றுக்கும் குடவோலை. கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவன் உறவுக்காரன் பெயரையும் எழுதக் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு கறார். பிள்ளைகள் கேட்டுக் குதிப்பார்கள். குதித்து முடித்ததும் மறுபாதியையும் சொல்லுங்கள்: கால் வேலி நிலமும் சொந்த வீடும் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், அது பிராமணர் சபை. பெண்ணுக்கும் உழுதவனுக்கும் அங்கே ஓலை கிடையாது. பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தும் பேச்சாளர்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போய்விட்டது. நம் பிள்ளைகளுக்கு முழுசாகச் சொல்ல வேண்டும்.

பனங்காட்டு டீச்சர்

மூன்று பேருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கொள்கையை முதலில் எழுத வைத்தேன். ஒரே பீரியடில் நாலு வரி வந்தது. அதில் ஒன்று, "யாரும் பிறந்த இடத்தாலோ பேசும் பேச்சாலோ குறைந்தவர் இல்லை." எல்லாரும் கை தூக்கினார்கள். திருத்த மூன்றில் இரண்டு பங்கு என்றும் முடிவானது, 42இல் 28. அப்புறம் டி.டி.கே. பேச்சைத் தமிழில் வாசித்தேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம், மேஜையைத் தட்டினார்கள். அன்றைக்குப் பரீட்சையைப் பற்றிக் கேட்ட அதே பெண் எழுந்து, "இந்தி வர்ற இடத்தில எல்லாம் தமிழ்னு போட்டு இன்னொருக்கா வாசிங்க டீச்சர்" என்றாள். வாசித்தேன். மேஜைத் தட்டல் இல்லை. வரைவுக் குழுத் தலைவி தானே எழுந்து, மொழி விதியைத் திரும்ப எடுக்கணும் என்றாள்.

மூணாறு டீச்சர் கேட்டதற்கு: இரவாளர் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதுவரை வாய் திறக்கவில்லை. ஜெய்பால் சிங் 1946 டிசம்பர் 19 அன்று சபையில் ஆதிவாசிகளுக்காகப் பேசியதைச் சொன்ன பிறகு, காட்டைப் பற்றி ஏன் விதி இல்லை என்று அதில் ஒருவன் கேட்டான். அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன். பென்சிலில் எழுதி அழித்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

மொழி விதி இப்போது, "பத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மொழியில் வகுப்பு" என்று நிற்கிறது. பத்து என்பது அவர்களே சொன்ன எண். சட்டத்தில் அப்படி எண் ஏதாவது உண்டா வக்கீல் சார்?

கோட்டைமைதானம் வக்கீல்

தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிய நம் 350ஏ விதி எண் எதுவும் சொல்லவில்லை, "போதிய வசதி" என்கிறது. அதுவும் 1950இல் இல்லை. மாநிலங்களைப் பிரித்த 1956இல் ஏழாவது திருத்தமாக வந்தது. நாம் கேரளத்தில் தங்கிப்போனவர்கள் என்பதால் நமக்காகவும் எழுதிய விதி அது. ஆனால் பிள்ளைகள் சொன்ன பத்து வெறும் பத்து இல்லை. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு 10 பேர் அல்லது பள்ளிக்கு 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் என்று முடிவெடுத்தது. அந்தக் கணக்கு பல காலம் புழக்கத்தில் இருந்தது. ஆனால் டீச்சர், உங்கள் வகுப்பில் மலையாளப் பிள்ளைகள் 6 பேர்தானே?

பனங்காட்டு டீச்சர்

அதேதான் சார். எனக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். எருத்தேம்பதிப் பையன் "ஒருத்தர் இருந்தாலும்" என்று திருத்தம் கொண்டுவந்தான். ஆதரவு 25, மூன்று ஓட்டுக் குறைவு. எதிர்த்தவர்களிடம் வெறுப்பு இல்லை, கணக்குத்தான். நோட்டுக்கு மதிப்பில்லாத நாட்டில் டீச்சருக்குச் சம்பளம் நெல். ஒரு பிள்ளைக்காக ஒரு டீச்சருக்கு நெல் அளக்கக் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று, மூணாறு டீச்சர் சொன்னபடி குலுக்கியதில் மில்காரர் சீட்டு வந்தவன் கேட்டான், நியாயமான கேள்விதான். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம், அதை வேலை நேரமாகக் கணக்கில் வைக்கலாம் என்று மலையாளப் பிள்ளைகள் ஒரு யோசனை எழுதியிருக்கிறார்கள். புதன்கிழமை அது ஓட்டுக்கு வருகிறது. பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து, பெரியவர்களைக் கொண்டு சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இங்கே யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்றுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், நானும்.