யூர்கன் என்ற ஜெர்மன் பெயர்: 1930–60 கணக்கு எங்கே கிடைக்கும்?

வணக்கம். ஜெர்மன் ஆண் பெயர்கள் பற்றி நான் எழுதும் கட்டுரை ‘யூர்கன்’ பெயரில் வந்து முட்டி நிற்கிறது. மூலமும் பொருளும் தெளிவு: கிரேக்கத்தில் உழவனைக் குறிக்கும் ‘கெயோர்கோஸ்’, ஜெர்மனில் ‘கேயோர்க்’ ஆகி, வடக்கே கீழ் ஜெர்மன் பேச்சில் ‘யூர்கன்’ ஆனது. எவ்வளவு அழகான பயணம்!

சிக்கல் செல்வாக்கைப் பற்றியதுதான். தத்துவ அறிஞர் ஹாபர்மாஸ் (பிறப்பு 1929), கால்பந்து உலகின் கிளின்ஸ்மான் (1964), கிளாப் (1967) எல்லாரும் யூர்கன்கள். இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பெயர் வைப்பது அரிது. எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று எண்ணோடு சொல்ல வேண்டும்.

இதுவரை பார்த்தவை: வீஸ்பாடனிலுள்ள ஜெர்மன் மொழிச் சங்கத்தின் ஆண்டுப் பட்டியல் 1977இல்தான் தொடங்குகிறது. பிறப்புப் பதிவேடுகளோ 110 ஆண்டுகள் கழித்தே பொதுப் பார்வைக்கு வரும். இணையத்தில் கிடைத்த வரைபடங்களில் எண்கள் எங்கிருந்து வந்தன என்ற குறிப்பே இல்லை. ‘ஹான்ஸ்-யூர்கன்’ போன்ற இரட்டைப் பெயர்களை எப்படி எண்ணினார்கள் என்றும் சொல்லவில்லை.

ஜெர்மன் மொழியில் இருந்தாலும் சரி, 1930 முதல் 1960 வரை ஆண்டுவாரியாக இந்தப் பெயரின் எண்ணிக்கையைத் தரும், மேற்கோள் காட்டத்தக்க நூலோ நகராட்சித் தரவோ யாருக்காவது தெரியுமா?