ஐ.எல்-6 அளவு தடுமாறுகிறது: காரைக்குடிப் பக்கம் யாராவது கைகொடுங்கள்

வணக்கம். முற்றிய எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் (சிடி4 என்ற வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழ்) பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், ஐ.எல்-6, ஐ.பி-10 என்ற இரண்டு அழற்சிப் புரதங்களையும் எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) அளக்கிறோம். ரத்தம் தேவகோட்டை, திருப்பத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வருகிறது. ஐ.பி-10 ஒழுங்காக இருக்கிறது. ஐ.எல்-6தான் தொல்லை, ஒரே ஆளின் இரண்டு குழாய்களே ஒத்துப்போவதில்லை.

முதல் சந்தேகம் தாமதத்தின் மேல். இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாய் வெளியே கிடந்தால் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அதற்குள்ளேயே ஐ.எல்-6 சுரக்கலாம், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். 2 மணி நேரத்துக்குள் 1500 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 1500 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றி, 250 மைக்ரோலிட்டராகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். தானாகப் பனி நீக்கும் மைனஸ் 20 பெட்டி ஆகாது. மாதிரி திரும்பத் திரும்ப இளகி உறையும். அந்தந்த ஊரிலேயே சுழற்ற, சிறிய சென்ட்ரிஃபியூஜ் இரவல் தர யாரிடமாவது இருக்கிறதா?

இரண்டாவது சந்தேகம் இன்னும் சிக்கலானது. இந்த நோயாளிகளுக்கு பி செல்கள் தாறுமாறாகத் தூண்டப்பட்டு அவை சுரக்கும் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) எகிறியிருக்கும். அதில் சில, ஐ.எல்-6-ஐ இருபுறமும் பிடிக்க வேண்டிய எலைசா கிட்டின் இரண்டு ஆன்டிபாடிகளையும் தாமே இணைத்துப் பொய்யான உயர்வு காட்டலாம். 2, 4, 8 மடங்கு நீர்த்தாலும் மதிப்பு அதே விகிதத்தில் இறங்கவில்லை, அதனால்தான் இந்தச் சந்தேகம். இப்படிக் குறுக்கிடும் ஆன்டிபாடிகளை அடக்கும் ஹெட்டிரோஃபைல் தடுப்பான் சேர்த்துப் பார்த்தவர்கள் எவ்வளவு சேர்த்தீர்கள், எவ்வளவு நேரம் ஊறவிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

காசநோய் உள்ளவர்களைத் தனியே பிரித்துவிட்டோம். காசநோயிலும் ஐ.எல்-6, ஐ.பி-10 இரண்டும் ஏறும்.