பிஎஸ்ஐ/அடி அழுத்தச் சரிவை கிராம்/சிசி அடர்த்தியாக மாற்றுவது எப்படி?

கேள்வி – ஆழ்துளை

எண்ணெய்க் கிணறு ஒன்றின் அழுத்த அளவீடுகள் அடியிலும் பிஎஸ்ஐயிலும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) இருக்கின்றன. அறிக்கை மெட்ரிக்கில் போக வேண்டும்: அழுத்தச் சரிவை, அதாவது ஆழத்தோடு அழுத்தம் கூடும் வீதத்தை, கிராம்/சிசி (கன செ.மீ.க்கு இத்தனை கிராம்) அடர்த்தியாக மாற்ற வேண்டும். செங்குத்து ஆழம் 8,200 அடியில் 3,640 பிஎஸ்ஐ, 8,350 அடியில் 3,692.5 பிஎஸ்ஐ. இரண்டு புள்ளிகளும் எண்ணெய் மண்டலத்துக்குள்தான்.

முதல் புள்ளியின் அழுத்தத்தை ஆழத்தால் வகுத்தால் 0.444 பிஎஸ்ஐ/அடி. அதைத் தண்ணீரின் சரிவான 0.433 ஆல் வகுத்தால் 1.025. தண்ணீரைவிடக் கனம்! மேலே வந்த எண்ணெய் அப்படி இல்லை. இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை எடுத்தால் 7.92 கிலோபாஸ்கல்/மீட்டர் வருகிறது. அதைப் பத்தால் வகுத்து 0.79 என்று எழுதிவிடலாமா?

பதில் – சாய்வுக்கோடு

இரண்டாவது வழிதான் சரி, ஆனால் பத்தால் வகுக்காதீர்கள்.

52.5 பிஎஸ்ஐ ÷ 150 அடி = 0.35 பிஎஸ்ஐ/அடி. இதை 2.3067 ஆல் பெருக்குங்கள்: 0.807 கிராம்/சிசி, அதாவது கன மீட்டருக்கு 807 கிலோ.

2.3067 எங்கிருந்து வருகிறது? 1 பிஎஸ்ஐ = 6,894.76 பாஸ்கல், 1 அடி = 0.3048 மீட்டர். ஆகவே 1 பிஎஸ்ஐ/அடி = 22.62 கிலோபாஸ்கல்/மீட்டர். இது இன்னும் அடர்த்தி ஆகவில்லை, இதில் புவியீர்ப்பு சேர்ந்திருக்கிறது. 9.80665 ஆல் வகுத்த பிறகுதான் நிறை அடர்த்தி கிடைக்கும். பத்தால் வகுத்தால் விடை 2 சதவீதம் குறையும். உங்கள் 0.79க்கும் 0.807க்கும் உள்ள இடைவெளி அதுதான். சரிவு கிலோகிராம்-விசை/சதுர செ.மீ. அலகில், ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்று இருந்தால் மட்டும் பத்தால் பெருக்குவது துல்லியமாகப் பொருந்தும், ஏனென்றால் அந்த அலகிலேயே 9.80665 அடங்கியிருக்கிறது.

0.433 ஆல் வகுக்கும் பழக்கம் பரவலானது. 1 கிராம்/சிசிக்குச் சரியான எண் 0.4335. 0.433 வைத்தால் விடை 0.12 சதவீதம் கூடும். கைக்கணக்குக்குப் போதும், அறிக்கைக்கு வேண்டாம்.

முதல் வழியில் 1.02 வந்ததற்குக் காரணம் வேறு. அழுத்தம் ÷ ஆழம் என்பது தரைமட்டத்திலிருந்து அந்தப் புள்ளி வரை உள்ள மொத்தத்துக்கும் ஒரு சராசரி. எண்ணெய் மண்டலத்தின் அழுத்தம் சுற்றியுள்ள நீர்ப்படுகையால் நிர்ணயமாகிறது, அதனால் தண்ணீருக்கு நெருக்கமான எண் வருகிறது. கிணற்றை அடக்கி வைக்க எவ்வளவு கனமான மட் (துளையில் நிரப்பும் சேற்றுத் திரவம்) வேண்டும் என்று பார்க்க அந்த எண் பயன்படும். அந்த ஆழத்தில் உள்ள திரவம் எது என்பதை அது சொல்லாது.

பதில் – கேஜ்_துல்லியம்

மேலே உள்ள கணக்கு சரி. எண்ணை எழுதும் முன் மூன்றைச் சரிபாருங்கள்.

ஆழம் உண்மையிலேயே செங்குத்து ஆழமா? கிணறு 30 டிகிரி சாய்ந்திருந்தால், செங்குத்தில் 150 அடி என்பது துளை வழியே 173.2 அடி. தவறிப்போய் அதால் வகுத்தால் 0.303 பிஎஸ்ஐ/அடி, அதாவது 0.70 கிராம்/சிசி. எண் நம்பும்படி இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், லேசான எண்ணெய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். தவறான விடைகளில் இந்த வகைதான் ஆபத்தானது.

புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? அழுத்த வித்தியாசத்தில் 0.5 பிஎஸ்ஐ பிழை என்று வைத்துக்கொண்டால், 150 அடி இடைவெளியில் அடர்த்தி 0.008 மட்டுமே தவறும். அதே பிழை 20 அடி இடைவெளியில் 0.058. எண்ணெய் கனமானதாக இருந்தால், எண்ணெயா தண்ணீரா என்பதே குழம்பிப்போகலாம். முடிந்தால் நான்கைந்து புள்ளிகளை எடுத்து நேர்கோடு பொருத்துங்கள். கோட்டிலிருந்து விலகி நிற்கும் புள்ளியைக் காரணம் பார்க்காமல் சேர்க்க வேண்டாம்.

கிணறு ஓடிக்கொண்டிருந்ததா? ஓட்டத்தில் குழாய்க்குள் எடுத்த சரிவில் உராய்வு இழப்பும் கலந்திருக்கும், அதை அடர்த்தியாக மாற்றக்கூடாது.

கேஜ் அழுத்தமா (வளிமண்டலத்தின் 14.7 பிஎஸ்ஐயைச் சேர்க்காதது) முழு அழுத்தமா (அதையும் சேர்த்தது) என்பது வித்தியாசக் கணக்கில் கழிந்துவிடும். அழுத்தம் ÷ ஆழம் கணக்கில் கழியாது: 300 அடி ஆழத்தில் 14.7 பிஎஸ்ஐ என்பது 0.11 கிராம்/சிசி.

ஆழ்துளை

இரண்டு பதில்களுக்கும் நன்றி. ஆழம் செங்குத்துதான், கிணறு மூடியிருந்தபோது எடுத்தது. தொட்டி எண்ணெய் 35 ஏபிஐ (எண்ணெய் எவ்வளவு லேசானது என்று காட்டும் அளவு). அது 0.85 ஆகிறதே, 0.807 உடன் முரண்படவில்லையா? மட் எடை பவுண்டு/கேலனில் இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும்.

பதில் – சாய்வுக்கோடு

முரண் இல்லை. 0.85 என்பது வாயு பிரிந்த எண்ணெய்க்கு, 60 டிகிரி பாரன்ஹீட்டில். 0.807 என்பது கீழே இருக்கும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், வாயு கரைந்திருக்கும் நிலையில். அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாகவே, எந்த நிலையில் என்ற குறிப்போடு எழுதுங்கள்.

மட்டுக்கு: பவுண்டு/கேலன் × 0.11983 = கிராம்/சிசி. 10 பவுண்டு/கேலன் என்றால் 1.198. கேலன் அமெரிக்கக் கேலனா என்று மட்டும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கேலனில் 10 பவுண்டு என்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர்.